பெயர் ஒன்று, பொருள் இரண்டு
தைமசுச் சுரப்பியும் தைம் செடியும்: ஒரு திறனாய்வு

பெயரைக் கண்டவுடன் பொருளையே கண்டுவிட்டதாக மகிழ்வது மக்கள் இயல்பு. பெயருக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காண்பது ஆராய்வோர் கடமை. அவ்வாறு அளந்து காண வேண்டிய சொற்களுள் ஒன்று 'தைமசு' என்பது.

மாந்தரின் மார்பெலும்பிற்குப் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாக அமைந்த மென்மையான உறுப்பு ஒன்று உளது. மேனாட்டு மருத்துவர் அதனைத் தைமசுச் சுரப்பி என்பர். நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் கற்பாங்கான குன்றுகளில் மணமிக்க சிறு செடி ஒன்று வளர்கின்றது. ஆங்கிலேயர் அதன் பெயரை 'டைம்' என ஒலிப்பர். அதன் உலர்ந்த இலை சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டு நம் ஊர்க் கடைகளிலும் விற்கப்படுகின்றது. சுவீடன் நாட்டுத் தாவர நூலறிஞர் இலின்னேயசு, 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் அச்செடியினத்திற்கு வைத்த பெயரும் தைமசு என்பதே. குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் செடியைத் 'தைம்' என்றும் சுரப்பியைத் 'தைமசு' என்றும் குறிப்போம்.

இப்பெயர் ஒற்றுமையை அடிப்படையாகக் கொண்டு மூலிகைக் குறிப்புகளிலும் உடல்நலக் கட்டுரைகளிலும் ஒரு கருத்து அடிக்கடி எழுதப்பெறுகின்றது. அதனை மூன்று கூற்றுகளாக வகுக்கலாம். சுரப்பியின் வடிவம் தைம் இலையை ஒத்திருப்பதால் அப்பெயர் பெற்றது என்பது முதற் கூற்று. கிரேக்கத்தில் அச்சொல் வீரத்தையும் உயிராற்றலையும் குறிப்பதால், பண்டைக் கிரேக்கர் இவ்வுறுப்பின் பெருமையை அன்றே உணர்ந்திருந்தனர் என்பது இரண்டாவது. ஆதலின், தைம் இலையை உண்டால் தைமசு வலுப்பெற்று நோய் எதிர்க்கும் ஆற்றல் பெருகும் என்பது மூன்றாவது.

இவற்றுள் முதற் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதில் இரு சொற்கள் ஒன்றாக மயங்கிக் கிடக்கின்றன. மூன்றாவதற்கோ அக்குறிப்புகள் பெயரையன்றி வேறு சான்று காட்டுவதில்லை. மூன்றையும் முறையே ஆராய்வோம்.

சொல்லின் வரலாறு

கிரேக்க மொழியில் ஒலியால் நெருங்கிய மூன்று சொற்கள் உள. 'தூமொன்' என்பது செடியின் பெயர். 'தூமொசு' என முதலசையை அழுத்தி ஒலித்தால், தோலில் எழும் மருவையும், நாம் ஆராயும் சுரப்பியையும் குறிக்கும். 'துமோசு' என ஈற்றசையை அழுத்தி ஒலித்தால், உள்ளம், ஊக்கம், சினம் ஆகியவற்றைக் குறிக்கும். ஓமரின் காப்பியங்களில் வீரர் நெஞ்சில் கொதித்தெழுவதாகப் பேசப்படுவது இந்த மூன்றாம் சொல்லே.

செடியின் பெயர் மருவுக்கு எப்படி வந்தது? இதற்கு விடை கூறுபவர் உரோமானிய நூலாசிரியர் செல்சசு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், அடி சிறுத்து மேற்புறம் அகன்று சொரசொரப்பாக இருக்கும் ஒருவகை மருவை விளக்குகின்றார். அதன் நுனி தைம் பூவின் நிறத்தைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது என்று காரணமும் தருகின்றார். இங்கே ஒப்புமை பூவோடு, இலையோடு அன்று. ஒப்பிடப்பட்டது மரு, சுரப்பி அன்று. மருவைப் போலக் கணுக்கணுவாகத் திரண்ட சதைப்பற்றுக்கு அதே சொல் பின்னர்ப் பொருந்தியது எனக் கொள்வதே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. ஆக, செடியிலிருந்து மருவுக்கும், மருவிலிருந்து சுரப்பிக்கும் என இரண்டு படி கடந்து வந்த பெயர் இது. இலை வடிவம் என்ற விளக்கம் நடுப்படியை மறந்துவிடுகின்றது.

இனி, 'துமோசு' என்னும் உயிராற்றற் சொல்லைக் காண்போம். இச்சொல்லை வடமொழித் 'தூமம்', இலத்தீன் 'பூமுசு' ஆகிய சொற்களோடு மொழிநூலார் இணைப்பர். அவையிரண்டும் புகையைக் குறிப்பன. 'தூமகேது' என நாம் வால்மீனைக் கூறும்போது அந்தத் தூமமே நம் நாவிலும் வருகின்றது. தைம் செடியின் பெயரையும், வேள்வியில் எரித்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையோடு பலர் தொடர்புபடுத்துவர். எரித்தால் நறும்புகை தரும் செடி என்பது கருத்து. வேர் ஒன்றேயாயினும், மூன்று சொற்களும் வெவ்வேறு பொருளுக்குப் பிரிந்துபோயின. மருவைக் குறித்த சொல்லால் பெயர் பெற்ற உறுப்பை, வீரத்தின் இருப்பிடமாக உயர்த்துவது அழுத்தம் மாறி ஒலித்ததன் விளைவேயன்றி வேறில்லை.

கிரேக்க மருத்துவர் இவ்வுறுப்பைப் பார்க்காமலில்லை. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எபேசு நகர உரூபசு இதனைக் குறிப்பிட்டார். இரண்டாம் நூற்றாண்டில் கேலன், இளம் உயிர்களில் இது பெரிதாக இருந்து, வளர வளரச் சிறுப்பதைக் கண்டார். அது கூர்ந்த நோக்கு. ஆனால் வடிவத்தையும் அளவையும் கண்டது வேறு; தொழிலை உணர்ந்தது வேறு.

வேங்கையும் வேங்கையும்

தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று. வேங்கை என்பது ஒரு மரம். வேங்கை என்பது புலியும் ஆம். பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூக்களைப் புலிக்குட்டியோ என மயங்கும் காட்சி சங்கப் பாடல்களில் வருகின்றது. செடியும் விலங்கும் கண்ணுக்கு ஒத்துத் தோன்றிய இனிமையைப் புலவர் சுவைத்தனர். ஆயினும் வேங்கைப் பிசினை உண்டவன் புலியின் வீரம் பெறுவான் என்று எவரும் மருத்துவம் எழுதவில்லை. மா என்பது மரம், விலங்கு, ஓர் அளவு என மூன்றையும் குறிக்கும். மாம்பழம் தின்றால் குதிரைபோல் ஓடலாம் என்பார் உண்டோ?

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தார். காரணம் பற்றி வந்து, அக்காரணம் உடைய பலவற்றையும் சுட்டாது ஒன்றற்கே உரியதாய் நிற்பதைக் காரண இடுகுறி என்பர். முள்ளுடைய செடிகள் பலவிருக்க, முள்ளி என்பது ஒன்றையே குறித்தல் இதற்கு எடுத்துக்காட்டு. தைமசுவும் இவ்வினத்ததே. அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அக்காரணம் பெயரிட்டவன் கண்ணில் முதலில் பட்ட ஒரு தோற்றமே. உறுப்பின் இயல்பு முழுவதும் அன்று. இப்பகுப்பை இலக்கண வகுப்பில் ஒப்பித்துவிட்டு, மருத்துவக் குறிப்பு எழுதும்போது மறந்துவிடுவது நமக்கு அழகன்று.

உறுப்பின் தொழில்

தைமசுவின் தொழில் 1961ஆம் ஆண்டு வரை தெளிவாகவில்லை. செத்தொழியும் நிணவணுக்களின் இடுகாடு இது என்று கருதியோரும் இருந்தனர். அவ்வாண்டில் இலண்டனில் ஆராய்ந்த சாக்கு மில்லர், அன்று பிறந்த எலிக்குஞ்சுகளிடமிருந்து தைமசுவை அகற்றினார். அவற்றின் உடலில் நிணவணுக்கள் குறைந்தன. தொற்றுநோய்கள் எளிதில் பற்றின. வேற்றின எலியின் தோலை ஒட்டவைத்தபோது அவற்றின் உடல் அதனைத் தள்ளவில்லை. தன்னுடையது எது, பிறருடையது எது என்று அறியும் ஆற்றலே அக்குஞ்சுகளிடம் குன்றியிருந்தது.

எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் அணுக்கள் தைமசுவுக்கு வந்து தேர்வுக்கு உட்படுகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவை நீக்கப்படுகின்றன. வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிய, தேறியவையே வெளியேறி உடலைக் காக்கின்றன. இடுகாடு என்றோர் கண்டது பொய்யன்று. மடிவதன் காரணத்தை அறியாமல் பெயரிட்டதே பிழை. பிறக்கும்போது ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் எடையுள்ள இவ்வுறுப்பு, பருவமடையும் காலத்தில் 30 கிராமுக்கு மேலும் வளர்ந்து, பின்னர்ச் சிறுகச் சிறுகக் கொழுப்பாக மாறுகின்றது. அதுபற்றி, வளர்ந்தோர்க்கு இது வேண்டாத உறுப்பு என்று நெடுங்காலம் எண்ணினர். 2023இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோரிடையே அடுத்த ஐந்தாண்டுகளில் இறப்பும் புற்றுநோயும் மிகுந்திருந்ததைக் காட்டி, அவ்வெண்ணத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது.

பெயரால் விளைந்த தீமை

ஒரு பெயரைப் பற்றி இத்துணை நீண்ட வாதம் தேவையா என்று அன்பர் சிலர் கேட்கலாம். தேவை என்பதற்குத் தைமசுவின் வரலாற்றிலேயே துயரமான சான்று உளது.

திடீரென இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்க்கு, அவற்றின் தைமசு பெருத்திருப்பதாகத் தோன்றியது. வியன்னா நகரத்துப் பால்டவுபு, 1889இல் இதற்கு நீண்ட இலத்தீன் பெயர் ஒன்றைச் சூட்டினார். தைமசுவும் நிணத்திசுவும் பெருத்த உடல்நிலை என்பது அதன் பொருள். பெயர் வந்ததும் நோயும் வந்துவிட்டது. காரணம் தெரியாத சாவுக்கெல்லாம் அப்பெயரே காரணமாக எழுதப்பட்டது.

உண்மை யாது? மருத்துவர் வழக்கமாக அறுத்துப் பயின்ற உடல்கள் பெரும்பாலும் வறியவருடையவை. நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் வாடியவை. நோயும் பட்டினியும் தைமசுவை விரைவில் சுருக்கிவிடும். அச்சுருங்கிய அளவையே இயல்பான அளவு என்று கொண்டனர். நன்றாக இருந்து திடீரென இறந்த குழந்தையின் தைமசு இயல்பான அளவில் இருந்தது. ஆனால் அது பெருத்ததாகத் தோன்றியது. வறுமையை அளவுகோலாக்கி, நலத்தை நோயென்று எழுதிய கதை இது.

எழுத்தோடு நின்றிருந்தால் பெருந்தீங்கில்லை. 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், தைமசுவைச் சுருக்குவதற்காக ஒரு குழந்தைக்கு எக்சு கதிர் செலுத்தப்பட்டது. அம்முறை பரவியது. அத்தகைய நோய்நிலை உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று பிரிட்டனில் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழு 1931இல் எடுத்துக்காட்டியது. பிறகும் கதிரூட்டல் நிற்கவில்லை. தைமசுவுக்கு அருகே கழுத்தில் இருப்பது தைராய்டுச் சுரப்பி. 1950இல் நியூயார்க்கு மருத்துவர் இருவர், இளமையில் தைராய்டுப் புற்றுநோய் கண்ட 28 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் குழந்தைப் பருவத்தில் தைமசுவுக்காகக் கதிர் பெற்றவர் எனத் தெரிந்தது. அமெரிக்காவின் இரோச்செசுட்டர் நகரத்தில் 1926 முதல் 1957 வரை அவ்வாறு கதிர் பெற்ற 2,600க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோரும் அத்தீங்கையே உறுதிப்படுத்தினர். இல்லாத நோய்க்கு ஒரு பெயர். அப்பெயருக்கு ஒரு மருத்துவம். அம்மருத்துவத்தால் உண்மையான நோய்.

படித்த மருத்துவரையே பெயர் இவ்வாறு மயக்குமானால், பெயரொற்றுமையை மட்டுமே நம்பி மூலிகை உண்ணச் சொல்வதை எளிதாக விட்டுவிடலாமா? தைமசு இன்றியே பிறக்கும் குழந்தைகள் சிலர் உளர். மருத்துவம் பெறாவிடில் அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தொற்றுநோயால் இறப்பர். அவர்கட்கு உதவுவது, பிற குழந்தையின் தைமசுத் திசுவை ஆய்வுக்கூடத்தில் பேணி உடலில் பொருத்தும் முறை. அதற்கு அமெரிக்க அரசு 2021இல் இசைவளித்தது. அக்குழந்தையின் தாய்க்குத் தைம் இலையைப் பரிந்துரைப்பது அறியாமை மட்டுமன்று, அறமும் ஆகாது.

ஓமம் உரைக்கும் உண்மை

தைம் செடியை நாம் இழித்துரைக்கவில்லை. அதற்கென்று உண்மையான சிறப்புகள் உள. அதன் எண்ணெயிலிருந்து கற்பூரம் போன்ற ஒரு பொருளை 1719இல் செருமானிய வேதியியலார் நியூமன் பிரித்தெடுத்தார். 1853இல் அதற்குத் 'தைமால்' என்னும் பெயர் வழங்கப்பெற்றது. அது நுண்ணுயிர்களை ஒடுக்கும்; வாய் கொப்புளிக்கும் மருந்துகளில் சேரும். தைம் சேர்ந்த இருமல் மருந்துகள் ஐரோப்பாவில் இன்றும் வழங்குகின்றன.

அந்தத் தைமால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அயலானதன்று. ஓமத்தின் மணத்திற்குக் காரணம் அதுவே. ஓம எண்ணெயில் பாதியளவுக்குத் தைமாலே இருப்பதுண்டு. முதல் உலகப் போருக்கு முன், இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓமம் செருமனியில் தைமாலாக வடிக்கப்பட்டது. கொக்கிப்புழு நோய்க்குத் தைமால் மருந்தாகும் என்பதை இத்தாலிய மருத்துவர் பொசோலோ 1880ஐ ஒட்டிக் காட்டிய பின், பல நாடுகளில் அது பெருவழக்காயிற்று.

இங்கே கூர்ந்து நோக்குக. தைமும் புதினாவும் துளசியும் ஒரு குடும்பத்துச் செடிகள். ஓமமோ சீரகத்தின் குடும்பம். தைமுக்கும் ஓமத்துக்கும் பெயர் வேறு, குடும்பம் வேறு; உள்ளே உறையும் பொருள் ஒன்று. தைம் செடிக்கும் தைமசுச் சுரப்பிக்கும் பெயர் ஒன்று. உள்ளே இருப்பதோ முற்றிலும் வேறு. மெய்யான உறவு பெயரில் இல்லாத இடத்திலும் இருக்கும். பெயரில் உள்ள இடத்தில் இல்லாமலும் போகும். வயிற்றுப் பொருமலுக்கு ஓமநீர் கொடுத்த நம் பாட்டிமார் பெயரைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பயனைப் பார்த்தே கொடுத்தனர்.

தமிழில் எழுதுவோர்க்கு

இறுதியாக, தமிழில் இச்சொற்களை ஆளும் முறை பற்றி ஒரு சொல். பெயர்களை ஒலிபெயர்த்து வைத்துவிட்டாற் போதும் என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். அதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. 1893இல் கோசலும் நியூமன் என்னும் மற்றொருவரும் கன்றின் தைமசுவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அவ்வுறுப்பின் பெயராலேயே 'தைமின்' என்றனர். மரபுப் பொருளின் நான்கு எழுத்துகளுள் ஒன்று அது. 'தயமின்' என்பதோ அரிசித் தவிட்டில் உள்ள சத்து; கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. பெரிபெரி நோய்க்குத் தீட்டிய அரிசியே காரணம் என்பதை 1909இல் நிறுவியவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துப் பிரேசரும் இசுடான்டனும் ஆவர். இந்நாட்டு மக்களின் உடல்நலத்தோடு அத்துணை நெருங்கிய தயமினை, ஓரெழுத்து மயக்கத்தால் தைமின் என்று அச்சிட்டால் பொருளே மாறிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. தைமசுவில் தேறிய அணுக்களை 'டி அணுக்கள்' என்று எழுதுகின்றனர். அந்த 'டி' தைமசு என்னும் பெயரின் ஆங்கில முதலெழுத்து. ஆங்கிலம் படிப்பவனுக்கு அவ்வுறவு கண்ணில் படும். தமிழில் ஒன்று தகரத்திலும் மற்றொன்று டகரத்திலும் தொடங்குவதால் உறவு அறுந்துபோகின்றது. தைமசுவைக் 'கழுத்துச் சுரப்பி' என மொழிபெயர்ப்பதும் தீர்வாகாது. அது பெரும்பாலும் மார்பில் இருக்கின்றது. கழுத்தில் இருப்பது தைராய்டு. 'இலைச் சுரப்பி' என்றால் பழைய பிழைக்கே தமிழுடை அணிவித்ததாகும். தைமசு என்றே வழங்கி, முதன்முறை வரும்போது அது எங்கே உளது, என்ன செய்கின்றது, டி அணு என்னும் பெயர் எதனால் வந்தது என்பவற்றை ஒரு வரியில் விளக்குவதே நேர்மையான வழி என்பது எம் கருத்து. இதனினும் சிறந்த தமிழ்ச் சொல்லை அறிஞர் ஆக்கித் தருவராயின் மகிழ்ந்து ஏற்போம். அச்சொல் தோற்றத்தை விட்டுத் தொழிலைச் சுட்டுவதாக இருத்தல் வேண்டும்.

பெயர் வாயில் போன்றது. வாயிலில் நின்று வீட்டை அறிந்துவிட்டதாகக் கூறுவோர் பலர். உள்ளே நுழைந்து காண்போர் சிலர். சுரப்பிக்குரிய மதிப்பைச் சுரப்பிக்கும், செடிக்குரிய மதிப்பைச் செடிக்கும் அளிப்போம். குறிப்பு எழுதுவோர் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: நாம் காட்டும் சான்று பொருளிலிருந்து வருகின்றதா, அன்றிப் பெயரிலிருந்து வருகின்றதா? பெயரிலிருந்து மட்டுமே வருமாயின், அதனைச் சொல்லாராய்ச்சிப் பகுதியில் எழுதலாம். மருத்துவப் பகுதியில் எழுதலாகாது.